பாறை உலோகமாகும் வழி: ஓர் அரச அலுமினியக் கைத்தொழிலின் வளர்ச்சி

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

திருகோணமலை மாவட்டத்தின் கைத்தொழில்களைப் பற்றிப் பேச்செடுத்தால் புல்மோட்டைக் கனிய மணல் தவறாமல் வந்து சேரும். அதற்கென 1957 இலேயே அரச கூட்டுத்தாபனம் ஒன்று அமைக்கப்பட்டது. எனினும் அம்மணலிலுள்ள டைட்டேனியக் கனிமமான இல்மனைற்று இன்றும் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகிறது. அதை ஏன் இங்கேயே பதப்படுத்தக் கூடாது என்ற கேள்வி நியாயமானது. அதற்கு நேராகப் பதில் தேடுவதற்கு முன்னர், இதே வங்கக் கடலின் மறுபக்கத்தில், தன் மலையின் பாறையை உலோகமாக்கி விற்கும் அளவுக்கு வளர்ந்த ஓர் அரச நிறுவனத்தின் கதையைச் சொல்ல விரும்புகிறேன். ஒடிசா மாநிலத்தில் இயங்கும் தேசிய அலுமினியக் கம்பனி, சுருக்கமாக நால்கோ, என்பதே அந்நிறுவனம்.

இந்திய அரசு அலுமினியத்தில் இறங்கியது நால்கோவோடு அன்று. 1965 இல் தொடங்கப்பட்ட பால்கோ நிறுவனம் கோர்பாவில் ஏற்கெனவே இருந்தது. ஆனால் 1970களில் கிழக்குக் கரையோர மலைகளில் அலுமினியத்தின் மூலப் பாறையான பொக்சைட்டின் மிகப் பெரிய படிவுகள் கண்டறியப்பட்டபோது, அவற்றுக்கென்றே 1981 ஜனவரியில் புதிய கம்பனி ஒன்று பதிவு செய்யப்பட்டது. தொழில்நுட்பம் பிரான்சின் பெஷினே நிறுவனத்திடமிருந்து வந்தது. 1985 இல் சுரங்கம், 1986 இல் சுத்திகரிப்பாலை, 1987 இல் உருக்காலை என ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் இயங்கத் தொடங்கின. ஒரு கண்ணியைக் கட்டிவிட்டு அடுத்ததற்குப் பத்தாண்டு காத்திருக்கும் வழக்கமான அரசாங்கப் போக்கு இங்கே நேரவில்லை. என் மதிப்பீட்டில் இந்நிறுவனம் பிழைத்ததற்கு இதுவே முதற் காரணம்.

கோராபுட் மாவட்டத்தின் பஞ்சபட்மாலி மலை தட்டையான உச்சியைக் கொண்டது. அங்கே வெட்டப்படும் பொக்சைட்டு, பதினான்கு கிலோமீற்றருக்கும் அதிக நீளமான ஓடுபட்டை ஒன்றின் மீது மலையிறங்கித் தாமன்ஜோடி சுத்திகரிப்பாலையை அடைகிறது. அங்கே அதை அரைத்து, சூடான எரிசோடாக் கரைசலில் கலக்கும்போது அலுமினியச் சேர்வை கரைந்துவிட, இரும்பும் பிறவும் செம்மண் சேறாக அடியில் தங்கும். தெளிந்த கரைசலிலிருந்து பிரித்தெடுத்த படிவை ஏறத்தாழ ஆயிரம் பாகை வெப்பத்தில் வறுத்தால், பொடிச் சீனியைப் போன்ற வெண்ணிற அலுமினா கிடைக்கிறது. அதில் ஒரு பகுதி புகையிரதத்தில் விசாகப்பட்டினத் துறைமுகத்துக்குச் சென்று ஏற்றுமதியாகிறது. எரிசோடாவை இறக்குவதும் அதே துறைமுகத்தில்தான்.

எஞ்சிய அலுமினா, மலையடிவாரத்திலேயே உருக்கப்படாமல், பல நூறு கிலோமீற்றர் வடக்கே அங்குல் என்னும் ஊருக்கு ஏன் கொண்டு செல்லப்படுகிறது? தால்சேர் நிலக்கரி வயல் அங்கேதான் இருக்கிறது. ஒரு கிலோ அலுமினியத்தை உருவாக்கப் பதினான்கு, பதினைந்து அலகு மின்சாரம் செலவாகும் என்பதால், இத்தொழிலில் ஆலை எங்கே அமைய வேண்டும் என்று முடிவு செய்வது பாறையைவிட மின்சாரமே. நால்கோ தன் உருக்காலைக்காகவே அங்கே அமைத்துள்ள மின்நிலையத்தின் கொள்ளளவு 1200 மெகாவாட். நமது நுரைச்சோலை அனல் மின்நிலையம் 900 மெகாவாட். சம்பூரில் திட்டமிடப்பட்டு 2016 இல் கைவிடப்பட்ட அனல் மின்நிலையமோ 500 மெகாவாட். அங்குல் உருக்காலை முழு அளவில் இயங்கும்போது ஓராண்டில் உட்கொள்ளும் மின்சாரம், இலங்கை முழுவதும் ஓராண்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும்.

அந்த மின்சாரம் ஒரு பொழுதும் அறுபடக் கூடாது. உருக்காலையில் வரிசை வரிசையாக நிற்கும், மின்சாரத்தால் அலுமினாவைப் பிரித்து உலோகமாக்கும் மின்பகுப்புக் கலங்களில் அலுமினா கரைந்த குழம்பு ஏறத்தாழ 960 பாகை வெப்பத்தில் இருக்கும். ஒவ்வொரு கலத்துக்கும் நாலைந்து வோல்ட்டே போதும், ஆனால் அதனூடாகப் பாயும் மின்னோட்டம் 1,80,000 அம்பியர். நாலைந்து மணிநேரம் மின்சாரம் நின்றால் குழம்பு இறுகிக் கல்லாகிவிடும். பிறகு அதை உடைத்தெடுத்துக் கலத்தைப் புதிதாகக் கட்ட வேண்டியதுதான். 2022 இல் மின்வெட்டு அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைத்திருந்த நமக்கு இதன் பாரம் சொல்லாமலே புரியும்.

ஆண்டுக்கு 2,18,000 தொன்னில் தொடங்கிய உருக்காலை 3,45,000 ஆகி, இன்று 4,60,000 தொன் கொள்ளளவில் நிற்கிறது. எட்டு இலட்சம் தொன்னில் தொடங்கிய சுத்திகரிப்பாலை இருபது இலட்சத்தைத் தாண்டிவிட்டது. 2001 இல் பால்கோவின் 51 சதவீதப் பங்குகள் தனியாருக்கு விற்கப்பட்டன. நால்கோவையும் விற்கும் யோசனை அதையடுத்து எழுந்தபோது, ஒடிசாவில் கிளம்பிய எதிர்ப்பால் கைவிடப்பட்டது. 2008 இல் நால்கோவுக்கு, கூடுதல் தன்னாட்சி பெற்ற அரச நிறுவனங்களுக்குரிய நவரத்தினத் தகுதி கிடைத்தது.

இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தாமன்ஜோடியில் பல நூறு குடும்பங்கள், அவற்றுள் பழங்குடிக் குடும்பங்களும் பல, தம் நிலத்தை விட்டுப் பெயர்ந்தார்கள். காரத்தன்மை கொண்ட செஞ்சேறு ஏரிபோலத் தேங்கி நிற்கிறது. அதற்கு முழுமையான பயன்பாட்டை உலகில் எந்த ஆலையும் இன்னும் கண்டுபிடித்துவிடவில்லை. நிலக்கரி மின்சாரத்தில் எடுத்த அலுமினியம் நீர்மின்சாரத்தில் எடுத்ததைவிடப் பன்மடங்கு கரியமில வாயுவை வெளியேற்றுகிறது என்பதும், கரிமப் புகையைக் கணக்குப் பார்க்கத் தொடங்கியுள்ள ஐரோப்பியச் சந்தையில் இது தொல்லையாக வளரும் என்பதும் தெளிவு.

இனி நமது இல்மனைற்றுக்கு வருவோம். அதை வர்ணப்பூச்சுக்குரிய டைட்டேனியம் டயொக்சைட்டாக மாற்றுவதற்கு ஒரு வழி கந்தக அமிலத்தையும், முதலில் டைட்டேனியம் செறிந்த கசடாக உருக்கும் மற்றொரு வழி பெரும் மின்னுலையையும் கேட்கும். ஆகவே தொழிற்சாலைக்குக் காணி எங்கே என்று கேட்பதற்கு முன், அறுபடாத மின்சாரம் எங்கிருந்து, என்ன விலைக்கு வரும், அமிலக் கழிவை எங்கே தேக்குவது, கொக்கிளாய் களப்பை நம்பியிருக்கும் மீனவர்களோடு யார் அமர்ந்து பேசுவது என்பவற்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. புல்மோட்டையைப் பற்றிய திட்ட அறிக்கை எதுவானாலும் நான் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்தப் பக்கங்களைத்தான்.

நன்றி, வணக்கம்.