‘பொக்ஸ் ஒஃபிஸ்’ என்பதில் உள்ள பெட்டி எது?

சபையோர் அனைவருக்கும் வணக்கம். புதுப்படம் வெளியான மறுநாளே “பொக்ஸ் ஒஃபிஸில் இத்தனை கோடி வசூல்” என்ற பேச்சு திருகோணமலைத் தேநீர்க்கடைகளிலும் எழுந்துவிடுகிறது. அந்தப் ‘பொக்ஸ்’ எந்தப் பெட்டி என்பதையே இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

பலரும் சொல்லும் கதை ஒன்றுண்டு. ஷேக்ஸ்பியர் காலத்து லண்டன் நாடக அரங்குகளின் வாசலில் நின்றவர்கள், வருவோரிடம் தலைக்கு ஒரு பென்னியை மண் உண்டியலில் வாங்கினார்கள் என்றும், பின்னர் அந்த உண்டியல்களை உடைத்துக் காசு எண்ணிய அறையே ‘பொக்ஸ் ஒஃபிஸ்’ என்றும் சொல்வார்கள். உண்டியல் இருந்தது மெய்தான். 1587இல் கட்டப்பட்ட ரோஸ் அரங்கின் அடித்தளத்தை 1989இல் அகழ்ந்தபோது, பச்சை மெருகிட்ட அத்தகைய உண்டியல்களின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. கோயில் திருவிழாவில் நம் பிள்ளைகள் வாங்கும் உண்டியலைப் போன்றதே அதுவும்: காசு போட ஒரு கீறல், எடுக்க வேண்டுமானால் உடைத்தே ஆக வேண்டும்.

ஆனால் சொல் அங்கே பிறந்ததாக நான் கருதவில்லை. அந்த அரங்குகளைப் பாராளுமன்றம் 1642இல் மூடிவிட்டது. இத்தொடருக்கு அகராதியாளர் காட்டும் முதற்பதிவோ 1786ஆம் ஆண்டினது. இடையில் கிடக்கும் 144 ஆண்டுகளை உண்டியல் கதையால் நிரப்ப முடியாது.

விடையை நம் மூத்தோர் அறிவார்கள். கலரி, பொல்கனி, பொக்ஸ் என்று வகுப்புச் சொல்லித்தானே அவர்கள் ரிக்கற் வாங்கினார்கள்! (இந்தக் கலரி ஆங்கிலத்திலிருந்து வந்தது, நம் கூத்தர் ஆடும் வட்டக்களரியின் களரி பழந்தமிழ்ச் சொல். இரண்டையும் ஒன்றென மயங்கலாகாது.) பொக்ஸ் என்பது தடுப்பு வைத்து, ஒரு குடும்பம் தனித்து அமரும் சிற்றறை. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் கீழ்த்தளத்துக்கும் கலரிக்கும் முன்பதிவு இல்லை. முந்தி வந்தவர் முந்தி அமர்ந்தார். செல்வர்கள் அமர்ந்த பொக்ஸுகளுக்கு மட்டும் பெயர் எழுதி இடம் ஒதுக்கினார்கள். அதற்கென ஒரு பேரேடும் அதைக் காக்க ஓர் ஆளும் ஓர் அறையும் தேவைப்பட்டன. அந்த அறைதான் பொக்ஸ் ஒஃபிஸ்.

பிற்பாடு எல்லா வகுப்புக்கும் ரிக்கற் விற்கும் இடத்துக்கு அப்பெயர் பரவியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கே சேரும் பணத்தையும் குறிக்கலாயிற்று. நாம் ‘பொக்ஸ் ஒஃபிஸில்’ என்று ஏழாம் வேற்றுமை உருபு சேர்த்துச் சொல்லும்போது, பணத்தைப் பற்றிய பேச்சிலும் அந்தப் பழைய அறை ஓர் இடமாகவே நிற்கிறது.