உடைஞ்ச ஸ்பீக்கரும் ஒத்தை மைக்கும்: ‘தி சானிக்ஸ்’ கதை

(திரை இருட்டா இருக்கு. டேப் சுத்துற சத்தம் மட்டும்.)

ஒரு டிரம் செட்டை ரெக்கார்ட் பண்ண இன்னைக்கு எத்தனை மைக் வைப்பாங்க? காலால அடிக்கிற பெரிய கிக் டிரம்முக்கு ஒண்ணு, படார்னு கேக்கிற ஸ்னேர் டிரம்முக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ஒவ்வொரு டாம் டிரம்முக்கும் தனித்தனி, சிம்பல் தட்டுகளுக்கு மேல ரெண்டு. எட்டு, பத்துங்கிறது ரொம்ப சாதாரணம்.

அமெரிக்காவுல சியாட்டில் நகரத்துல, 1965ல வந்த ஒரு ஆல்பத்துக்கு மொத்த டிரம் செட்டுக்கும் ஒரே ஒரு மைக்தான். டேப்புல டிராக், அதாவது சத்தத்தைத் தனித்தனியா பதியுற வரிசை, ரெண்டே ரெண்டு. கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழிச்சு, நிர்வானாங்கிற உலகப் புகழ் ராக் பேண்டோட பாடகர் கர்ட் கோபெய்ன் ஒரு ரேடியோ பேட்டியில, தனக்கு ரொம்பப் பிடிச்ச டிரம் சத்தமே அதுதான்னு சொன்னார். அவர்கிட்ட அப்போ எந்த ஸ்டுடியோ வேணும்னாலும் வாங்குற அளவுக்குப் பணம் இருந்துச்சு. அவர் மனசு போனது அந்த ஒத்தை மைக்கு மேல.

அந்த ஆல்பத்தைப் பண்ணவங்கதான் தி சானிக்ஸ்.

(டகோமா துறைமுகம், பழைய புகைப்படங்கள்.)

சியாட்டிலுக்குத் தெற்குல இருக்கு டகோமா. துறைமுகமும் மர ஆலைகளும் உள்ள உழைக்கிற ஜனங்க ஊர். பக்கத்துலயே மெக்கார்ட் விமானப்படைத் தளம். ஒலியை விட வேகமா விமானம் பறக்கும்போது ஜன்னல் கண்ணாடி அதிர ஒரு வெடிச்சத்தம் வரும் இல்லையா, அதுக்குப் பேரு சானிக் பூம். பேண்டோட பேரு அங்கிருந்து வந்ததுதான்.

1960ல லேரி பரிபாங்கிற கிடாரிஸ்ட் இதை ஆரம்பிச்சார். அவரோட அண்ணன் ஆண்டி பரிபா பேஸ் கிடார். அப்புறம் மூணு பேர் வந்து சேர்ந்தாங்க. கீபோர்டும் பாட்டும் ஜெரி ராஸ்லி, சாக்ஸபோன் ராப் லிண்ட், டிரம்ஸ் பாப் பென்னட். இந்த அஞ்சு பேர்தான் நமக்குத் தெரிஞ்ச சானிக்ஸ்.

அந்த வட்டாரத்துல அப்போ வார இறுதின்னா டீன்ஏஜ் பசங்களுக்கு டான்ஸ் ஹால்தான். டகோமாவுக்கும் சியாட்டிலுக்கும் நடுவுல ஸ்பானிஷ் காசில்னு ஒரு ஹால் ரொம்பப் பிரபலம். கிடார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பின்னாடி ஒரு பாட்டுத் தலைப்புல சொல்ற ஸ்பானிஷ் காசில் அதேதான். கூட்டம் ஆடணும்னா சத்தம் பத்தணும். மேடையில டிரம்ஸுக்கு மைக் வைக்கிற வழக்கமே அப்போ கிடையாது. கடைசி வரிசை வரைக்கும் கேக்கணும்னா டிரம்மர் கை வலிக்க அடிச்சே ஆகணும். பாப் பென்னட் அடிக்கிற அடியைப் புரிஞ்சுக்க இதை மனசுல வெச்சுக்கோங்க.

(ஒரு பழைய ஆம்ப்ளிஃபயர். கேமரா மெதுவா ஸ்பீக்கர் கிட்ட போகுது.)

இப்போ கிடாருக்கு வருவோம். இன்னைக்கு கிடார் சத்தத்தைக் கரகரன்னு ஆக்க ஒரு பெடல் வாங்கிக் காலால அமுக்கினா போதும். சானிக்ஸ் என்ன பண்ணாங்க? ஆம்ப்பை அது தாங்குற அளவுக்கு மேல ஏத்தி வெச்சாங்க. அதுவும் போதலை. ஆண்டி ஐஸ் உடைக்கிற கூர் ஊசியை எடுத்து ஸ்பீக்கர் காகிதத்துலயே ஓட்டை போட்டார்னு லேரி பின்னாடி சொல்லியிருக்கார்.

ஏன் ஓட்டை? ஸ்பீக்கர்ல இருக்கிற காகிதக் கூம்பு முன்னும் பின்னும் அசைஞ்சுதான் காத்தைத் தள்ளுது. அது கிழிஞ்சிருந்தா, ஒவ்வொரு அசைவுக்கும் கிழிசல் ஓரம் படபடன்னு தனியா துடிக்கும். ஆம்ப் திணறும்போது என்ன ஆகும்னா, ஒலி அலையோட உச்சி மழுங்கிப் போய், மூல சுரத்துல இல்லாத புதுப்புது மேல்சுரங்கள் பொறக்கும். நம்ம காது அதைக் கேட்டு ‘இது ரொம்பப் பெரிய சத்தம்’னு எடுத்துக்கும். அதனாலதான் வால்யூமைக் குறைச்சு வெச்சுக் கேட்டாலும் சானிக்ஸ் பாட்டு கத்துற மாதிரியே இருக்கு.

டகோமாவோட மூத்த பேண்ட் தி வெய்லர்ஸ். அவங்க ஆளுங்களே எட்டிக்கெட்னு ஒரு ரெக்கார்ட் கம்பெனி நடத்தினாங்க. 1964 கடைசியில அந்தக் கம்பெனிதான் சானிக்ஸோட முதல் சிங்கிள் ‘தி விட்ச்’சை வெளியிட்டுச்சு. ஊருக்குள்ள ஒரு பொண்ணு வந்திருக்கா, சூனியக்காரி, ஜாக்கிரதைன்னு ஒரு பாட்டு. ரேடியோக்காரங்க கொஞ்சம் பயந்துதான் போட்டாங்க. ஆனா அமெரிக்காவோட வடமேற்குப் பகுதியில விற்பனை பிச்சுக்கிட்டுப் போச்சு.

அடுத்து 1965ல ‘ஹியர் ஆர் தி சானிக்ஸ்’ ஆல்பம். சியாட்டில்ல கியர்னி பார்ட்டன்ங்கிற ஒலிப்பதிவு இன்ஜினியரோட ஸ்டுடியோ. அதுல ‘சைக்கோ’, ‘ஸ்ட்ரிக்னைன்’னு பாட்டுகள். இந்த ஸ்ட்ரிக்னைன் நமக்குத் தெரியாத பொருள் இல்லை. எட்டிக்கொட்டையில இருந்து எடுக்கிற விஷம்தான் அது. ‘எட்டியா கசக்குது’ன்னு சொல்றோமே, அதே எட்டி. பாட்டுல வர்றவன் தனக்குப் பிடிச்ச பானமே அதுதான்னு ராஸ்லி குரல்ல தொண்டை கிழியக் கத்துறான். காதல், கடற்கரை, கார்னு மத்தவங்க பாடிட்டிருந்த வருஷம் அது.

அந்த ஒத்தை மைக்குக்குத் திரும்ப வர்றேன். ஒரே மைக்குன்னா, பதிஞ்சதுக்கு அப்புறம் ஸ்னேரை மட்டும் கூட்டவோ சிம்பலை மட்டும் குறைக்கவோ முடியாது. எது எவ்வளவு கேக்கணும்னு முடிவு பண்றது டிரம்மரோட ரெண்டு கையும் ரெண்டு காலும்தான். கூடவே அந்த அறையோட எதிரொலியும் உள்ள வந்துடும். பென்னட் உருட்டி அடிக்கும்போது தனித்தனி டிரம்மாவே தெரியாது. ஒரு ஆள் அறை நடுவுல உக்காந்து அடிக்கிறது அப்படியே முன்னாடி தெரியும்.

1966ல ‘பூம்’ ஆல்பம். டகோமாவுல ஒரு கன்ட்ரி இசை ஸ்டுடியோ. சுவர்ல சத்தத்தை உறிஞ்ச ஒட்டி வெச்சிருந்ததை எல்லாம் பிச்சு எறிஞ்சுட்டு வாசிச்சாங்க. எனக்கு இந்த பேண்டைப் பத்திப் பிடிச்ச ஒரே காட்சியைச் சொல்லச் சொன்னா இதைத்தான் சொல்வேன்.

(ஹாலிவுட், கோல்ட் ஸ்டார் ஸ்டுடியோ.)

அப்புறம் ஹாலிவுட் போனாங்க. நல்ல ஸ்டுடியோ, கைதேர்ந்த இன்ஜினியர். சத்தம் சுத்தமா, வழவழன்னு வந்துச்சு, பேண்டுக்கே பிடிக்கலை. ஒவ்வொருத்தரா விலகினாங்க. ராப் லிண்ட் வியட்நாம் போர்ல போர் விமானி ஆனார். விமானச் சத்தத்துல பேர் எடுத்த பேண்ட்ல இருந்து ஒருத்தர் விமானத்துக்கே போயிட்டார்.

இவங்க வாசிச்ச மாதிரி முரட்டு ராக்குக்கு இருக்கிற ‘கராஜ் ராக்’குங்கிற பேரே எழுபதுகள்லதான் புழக்கத்துக்கு வந்துச்சு. அப்போ இவங்க கலைஞ்சு போயாச்சு. ஆனா பழைய ரெக்கார்டுகள் கை மாறிக்கிட்டே இருந்துச்சு. 1980ல தி கிராம்ப்ஸ்ங்கிற அமெரிக்க பேண்ட் தங்களோட முதல் ஆல்பத்துல ‘ஸ்ட்ரிக்னைன்’னைப் பாடினாங்க. இங்கிலாந்துல தி ஃபால் பேண்டும் அதே பாட்டை எடுத்துச்சு. நிர்வானா உருவான ஆபர்தீன், டகோமா இருக்கிற அதே வாஷிங்டன் மாநிலத்து மர ஆலை ஊர்தான்.

2004ல ஒரு லேண்ட் ரோவர் விளம்பரத்துல சானிக்ஸ் பாடின ‘ஹேவ் லவ் வில் டிராவல்’ ஒலிச்சதும், யாருடா இவங்கன்னு புதுசா ஒரு கூட்டம் தேட ஆரம்பிச்சுது. 2007ல நியூயார்க்கோட புரூக்ளின்ல ராஸ்லி, லேரி, லிண்ட் மூணு பேரும் மறுபடி மேடை ஏறினாங்க.

2015ல புது ஆல்பம். தயாரிச்சவர் ஜிம் டைமண்ட், தி வைட் ஸ்ட்ரைப்ஸோட ஆரம்ப ஆல்பங்கள்ல வேலை பார்த்தவர். சானிக்ஸைத் தலைக்கு மேல வெச்சுக் கொண்டாடின பேண்ட் அது. இத்தனை வருஷத்துல ஸ்டுடியோ எங்கேயோ போயிருந்துச்சு, எத்தனை டிராக் வேணும்னாலும் கிடைக்கும். ராஸ்லிக்கு வயசு எழுபது. அந்த ஆல்பத்தை அவங்க மோனோவுல, அதாவது இடது வலதுன்னு பிரிக்காம எல்லாச் சத்தமும் ஒண்ணாக் கேக்குற மாதிரி, பதிவு பண்ணாங்க.

(‘தி விட்ச்’ ஆரம்ப ரிஃப். திரை அணைகிறது.)