கிளி மட்டும் போன உலகக் கிண்ணம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தேக்காவிலிருந்தும் தெம்பனிஸிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்து வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

பத்தாண்டு கழித்து, அதாவது 2035இல், நம்மை அதிகம் சிரிக்கவைக்கப் போவது விளையாட்டா, அரசியலா, இசையா? தலைப்பு இதுதான். விளையாட்டே என்று சொல்ல நிற்கிறேன்.

அரசியல் அணித் தலைவர் நன்றாகப் பேசினார். 2023 சிங்கப்பூர் அதிபர் தேர்தலில் திரு. தர்மன் சண்முகரத்தினம் அன்னாசிச் சின்னத்தில் நின்று 70.4 விழுக்காடு வாக்குகள் பெற்றார். ஆறாண்டுக்கு ஒரு தேர்தல் என்ற கணக்கில் 2035இல் வரும் தேர்தலில் யாரேனும் துரியான் சின்னம் கேட்பார், பிறகு தொண்டர்கள் துரியானுக்குத் தடை உள்ள ரயிலில் ஏற முடியாமல் தவிப்பார்கள் என்றார். நானும் சிரித்தேன். ஆனால் ஐயா, துரியான் உங்கள் கற்பனை. பொதுத் தேர்தல் நம் அனுபவம். 1959 முதல் ஆட்சியில் ஒரே கட்சி. 2025 மே மாதம்கூட 97 இடங்களில் 87. நான் யாரையும் குறை சொல்லவில்லை, கூட்டிக் கழித்துப் பார்க்கிறேன், அவ்வளவுதான். விடை தெரிந்த கேள்விக்கு ஜோசியர் எதற்கு?

இசை அணிச் சகோதரி வேறு வழியில் வந்தார். 2024இல் டெய்லர் ஸ்விஃப்ட் தென்கிழக்காசியாவில் நம் ஊரில் மட்டும் ஆறு இரவுகள் பாடினார். 2035இல் கச்சேரி டிக்கெட்டையும் கார் வாங்கும் உரிமைச் சான்றிதழைப் போல ஏலத்தில் எடுக்க வேண்டியிருக்கும் என்றார். இருக்கலாம் அம்மா. அது சிரிப்பா, வயிற்றெரிச்சலா? இசையைப் பொறுத்தவரை உறுதியாகக் கணிக்கக்கூடியது ஒன்றுதான். 2035இலும் ஒரு தகப்பனார் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “இதெல்லாம் ஒரு பாட்டா?” என்பார். அவருடைய தகப்பனாரும் அதையேதான் சொன்னார்.

கணிப்பில் சிரிப்பு பிறப்பது அது பொய்க்கும் இடத்தில். அரசியலில் கணிப்பு பொய்த்தால் விளக்கம் சொல்வார்கள். இசையில் பொய்த்தால் ரசனை என்பார்கள். பொய்த்ததைப் பெரிய பலகையில், ஒளிவிளக்கில், ஐம்பத்தைந்தாயிரம் பேர் முன்னால் எழுதிக் காட்டுவது காலாங் விளையாட்டரங்கம் ஒன்றுதான்!

நடுவர் மணியைப் பார்க்கிறார். நானும் மணியிடம்தான் வருகிறேன். சிராங்கூன் சாலையில் சீட்டெடுத்த கிளி மணியைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். 2010 உலகக் கிண்ணக் காற்பந்தில் நான்கு காலிறுதிகளின் முடிவையும் சரியாகச் சொன்னது. அரையிறுதியில் ஜெர்மனியை ஸ்பெயின் வெல்லும் என்றது; வென்றது. உலகத் தொலைக்காட்சிகள் எல்லாம் தேக்காவுக்கு வந்துவிட்டன. இறுதி ஆட்டத்துக்கு நெதர்லாந்துச் சீட்டை எடுத்தது. ஜெர்மனியிலிருந்த பால் என்ற ஆக்டோபஸ் ஸ்பெயின் என்றது. ஸ்பெயின் 1-0. எட்டுக் கால் உள்ளதோடு இரண்டு கால் உள்ளது போட்டியிட்டால் வேறென்ன ஆகும்?

அந்த ஆண்டை மட்டும் கவனியுங்கள். 2010 உலகக் கிண்ணத்துக்கு நம் அணி தகுதிபெற வேண்டும் என்று 1998இலேயே இலக்கு வைத்திருந்தோம். ‘இலக்கு 2010’ என்று பெயர்கூட வைத்தோம். அணி போகவில்லை. கிளி போனது! இப்படி ஒரு நகைச்சுவையை எந்த அரசியல்வாதியால் எழுத முடியும்? எந்த இசையமைப்பாளரால் மெட்டமைக்க முடியும்?

நாம் சும்மா இருந்தோமா? அடுத்த இலக்கு 2034. அந்தப் போட்டி சவூதி அரேபியாவில். இருபத்து நான்கு ஆண்டு இடைவெளி. ஆகவே 2035இல் ஒரு செய்தியாளர் கூட்டம் நடக்கும், ‘இலக்கு 2058’ அறிவிக்கப்படும் என்பது என் கணிப்பு. 2058 உலகக் கிண்ணம் வரும் ஆண்டுதான், கணக்குப் போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

சிரிக்கிறீர்கள். எதிரணியினர் குறிப்பெடுக்கிறார்கள், “இது கேலி, நம்பிக்கை இல்லாத பேச்சு” என்று மறுப்பதற்காக. எழுதுங்கள், அதன் கீழே இதையும் எழுதிக்கொள்ளுங்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நம் ஜோசஃப் ஸ்கூலிங் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் 50.39 விநாடியில் மைக்கேல் ஃபெல்ப்ஸைத் தாண்டித் தங்கம் வாங்குவார் என்று எந்தக் கிளி சீட்டெடுத்தது? 2023 ஆசிய விளையாட்டுகளில் சாந்தி பெரேரா 200 மீட்டரில் ஓடித் தங்கம் கொண்டுவந்தார். திடல்தடத்தில் நமக்கு அது 49 ஆண்டு தவம். 2025 நவம்பரில் ஹாங்காங்கில் ஒரு கோல் பின்தங்கியிருந்த நம் அணி 2-1 என்று வென்று, ஆசியக் கிண்ணத்துக்கு முதன்முறையாகத் தன் சொந்தக் காலில் தகுதிபெற்றது. 1984இல் ஆடினோமே என்பீர்கள். அது போட்டியை நடத்திய வீட்டுக்காரர் என்பதால் கிடைத்த இடம். ஹாங்காங்கில் கோல் போட்டவர்களில் ஒருவர் இல்ஹான், நம் முன்னாள் காற்பந்து நட்சத்திரம் ஃபாண்டி அகமதின் மகன். அந்த வீட்டிலிருந்து ஏற்கெனவே மூன்று மகன்கள் தேசிய அணிக்கு ஆடியிருக்கிறார்கள். இதே வேகத்தில் போனால் 2035இல் பதினொருவரையும் அந்தக் குடும்பத்திலிருந்தே எடுத்துவிடலாம், தேர்வுக் குழுவுக்குச் செலவு மிச்சம்.

நடுவர்கள் எல்லாம் இயந்திரமாகியிருப்பார்கள். முன்கள ஆட்டக்காரர் காலைத் தூக்க நினைத்த உடனேயே ஆஃப்சைடு என்று ஊதிவிடும். கோப்பிக் கடையில் பெரியப்பா ஒருவர் தேத்தண்ணீரை மேசையில் வைத்துவிட்டுச் சொல்வார்: “அந்த இயந்திரத்தை முதலில் கண் மருத்துவரிடம் காட்டச் சொல்.”

2034இல் நம் அணி சவூதிக்குப் போனால் ஆனந்தத்தில் சிரிப்போம். போகாவிட்டால் மேற்படி செய்தியாளர் கூட்டத்தைப் பார்த்துச் சிரிப்போம். இரண்டு சீட்டிலும் எங்கள் அணியின் பெயர்தான் இருக்கிறது, நடுவர் அவர்களே. நீங்கள் எதை எடுத்தாலும் எங்களுக்குச் சம்மதம். நன்றி, வணக்கம்.