வாலிலும் ஒரு புரொப்பல்லர்

அவையோருக்கு வணக்கம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி கட்டிய டோ 335 என்ற போர் விமானத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இரட்டை என்ஜின் போர் விமானம் என்றால் இறக்கைக்கு ஒன்றாக வைப்பதுதான் வழக்கம். அதில் ஒன்று நின்றுபோனால், மற்றது விமானத்தை ஒரு பக்கமாகத் திருப்பிவிடும். இரண்டு என்ஜின் கூடுகளும் காற்றை மறித்து வேகத்தையும் குறைக்கும்.

ஜெர்மனியின் க்ளாட் டோர்னியர் பறக்கும் படகுகள், அதாவது தண்ணீரில் இறங்கி ஏறும் விமானங்கள், கட்டிப் பேர் வாங்கியவர். அவற்றில் என்ஜின்களை முன்னும் பின்னுமாக ஒரே வரிசையில் வைத்துப் பழக்கம். அதே ஏற்பாட்டுக்கு 1937-இல் காப்புரிமை வாங்கினார். மூக்கில் ஒரு என்ஜின். விமானிக்குப் பின்னால் உடலுக்குள் இன்னொன்று. அதிலிருந்து நீளமான தண்டு ஓடி, வால் நுனியில் புரொப்பல்லரைச் சுழற்றும். அவ்வளவு நீளத் தண்டு தாங்குமா? கோ 9 என்ற குட்டிச் சோதனை விமானத்தைப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். தாங்கியது.

1942-இல் விமான அமைச்சகம் வேகமான குண்டுவீச்சு விமானம் கேட்டது. டோர்னியருக்கு ஒப்பந்தம் கிடைத்தது. அப்புறம் பல வேலைக்கும் ஆகிற போர் விமானம்தான் வேண்டும் என்றார்கள். மறுபடி வரைபலகைக்குப் போனார்கள். போர்க்காலத்தில் இப்படி மனம் மாறுவது, எதிரியின் குண்டுக்குக் குறைந்த கெடுதல் அல்ல என்பது என் எண்ணம். டோ 335 முதன்முதலாகப் பறந்தது 1943 அக்டோபர் 26-இல். மணிக்கு சுமார் 760 கிலோமீட்டர் வேகம். புரொப்பல்லர் விமானத்துக்கு அது அசுர வேகம்.

சரி, அடிபட்டால் விமானி எப்படிக் குதிப்பார்? முதுகுக்குப் பின்னால்தான் புரொப்பல்லர் சுழல்கிறதே! அதனால் பின் புரொப்பல்லரையும் மேல் வால் துடுப்பையும் வெடிவைத்துக் கழற்றிவிடும் ஏற்பாடு செய்தார்கள். வழி திறந்ததும், அழுத்தப்பட்ட காற்று இருக்கையோடு விமானியை வெளியே எறியும். கீழேயும் ஒரு துடுப்பு உண்டு. தரையிறங்கும்போது புரொப்பல்லர் தரையில் இடிக்காமல் காப்பது அதன் வேலை.

பின் என்ஜின்தான் கடைசிவரை தலைவலி. உள்ளே அடைபட்டு எளிதில் சூடேறும். போர் முடிந்தபின், 1946 ஜனவரியில், பிரிட்டனின் ஃபார்ன்பரோவில் சோதித்தபோது ஒரு விமானத்தில் பின் என்ஜின் தீப்பிடித்து, விமானி இறந்தார்.

கட்டி முடித்தவை நாற்பதைக்கூட எட்டவில்லை. இன்று மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. அமெரிக்கர்கள் கப்பலில் கொண்டுபோனது. 1974-இல் அதைச் சீரமைக்க டோர்னியர் ஆலைக்கே அனுப்பினார்கள். பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது: வாலைக் கழற்றும் வெடிமருந்து முப்பது ஆண்டுகளாக உள்ளேயே இருந்திருக்கிறது, வெடிக்கிற நிலையில்!