விலைக்கு முன்னால் அசைவது

வணக்கம் நேயர்களே. நாட்டில் பெரிதாக ஏதாவது நடந்தால், அது தேர்தலோ போரோ கொள்ளைநோயோ, உடனே ஒரு கேள்வி வரும்: "வீட்டு விலை இறங்குமா?" எனக்கு இது சற்று அவசரப்பட்ட கேள்வியாகவே படுகிறது. விலை கடைசியில்தான் அசையும். முதலில் படுத்துவிடுவது வியாபாரம்.

செய்தி கெட்டதாக இருந்தால் வாங்க வந்தவர் "கொஞ்ச நாள் பார்க்கலாமே" என்று ஒதுங்கிவிடுவார். விற்பவரோ பக்கத்து வீடு போன வருடம் என்ன விலைக்குப் போனது என்பதை மறக்கமாட்டார். இறங்கி வரவும் மாட்டார். அதனால் கைமாறும் வீடுகள் குறையும். விலைப் புள்ளிவிவரம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும்.

2016 ஜூன் 23 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக பிரிட்டன் வாக்களித்தது. விலகினால் இரண்டு ஆண்டுகளில் வீட்டு விலை, விலகாமல் இருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட 10 முதல் 18 சதவீதம் குறைவாக இருக்கும் என்று அந்நாட்டு நிதியமைச்சகமே எச்சரித்திருந்தது. பவுண்டு என்னவோ சரிந்தது. வீட்டு விலை அப்படி விழவில்லை. ஆகஸ்டில் மத்திய வங்கி வட்டியை 0.5 சதவீதத்திலிருந்து 0.25 ஆகக் குறைத்ததும் அதற்கு ஒரு காரணம்.

அதே நாட்டில் 2022 செப்டம்பர் 23 அன்று ஒரு சிறு பட்ஜெட் வந்தது. வேடிக்கை என்னவென்றால், வீடு வாங்குபவர்களுக்கு முத்திரை வரிச் சலுகையும் அதில் இருந்தது! ஆனால் கடன் வாங்கி வரியைக் குறைக்கிறார்கள் என்று அரசு கடன் திரட்ட விற்கும் பத்திரங்களின் சந்தை மிரண்டது. அரசு தர வேண்டிய வட்டி ஏறியது, அதோடு வீட்டுக்கடன் வட்டியும் ஏறியது. வங்கிகள் வீட்டுக்கடன் திட்டங்களை வரிசையாகத் திரும்பப் பெற்றன. முதல் இரண்டு ஆண்டு மாறாமல் இருக்கும் வீட்டுக்கடன் வட்டி ஒரே மாதத்தில் 4.7 சதவீதத்திலிருந்து 6.6ஐ எட்டியது. சலுகையில் மிஞ்சியதை வட்டி விழுங்கிவிட்டது.

அப்படியானால் விலை விழவே விழாதா? விழும், விற்றே தீர வேண்டியவர்கள் பெருகும்போது. 2008ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் தவணை கட்ட முடியாதவர்களின் வீடுகளை வங்கிகள் எடுத்துக்கொண்டு, வந்த விலைக்குத் தள்ளின. அங்கே பிடிவாதம் பிடிக்க விற்பவர் இல்லை.

அப்புறம் கொரோனா. 2020 ஜூலையில் அமெரிக்காவில், 30 ஆண்டும் மாறாமல் இருக்கும் வீட்டுக்கடன் வட்டி முதல்முறையாக 3 சதவீதத்துக்குக் கீழே போனது. வேலை வாய்ப்பு சரிந்திருந்தும் வீட்டு விலை ஏறியது. 2023 அக்டோபரில் அதே வட்டி 8 சதவீதத்தை நெருங்கியது. இனி விலை இறங்கத்தானே வேண்டும்? இறங்கவில்லை. 3 சதவீதக் கடனில் இருப்பவர், வீட்டை விற்றுவிட்டுப் புதுக்கடன் வாங்கினால், அதே தொகைக்கு மாதத் தவணை ஒன்றரை மடங்கைத் தாண்டும். யார் விற்பார்? அந்த ஆண்டு பழைய வீடுகளின் விற்பனை சுமார் 41 லட்சமாகச் சுருங்கியது, 1995க்குப் பிறகு அதுவே மிகக் குறைவு. சராசரி விலையோ அதுவரை காணாத உயரத்தில் நின்றது.

நன்றி, வணக்கம்.