ஒரு விரற்கடை வண்டல்

நேயர்களுக்கு வணக்கம். பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். மண்ணைக் கிளறிவிட்டு ஊற்றினால் தண்ணீர் கடகடவென்று இறங்கிவிடும். ஒரு மாதம் கிளறாமல் விட்டால், அதே தொட்டியில் தண்ணீர் மேலேயே நின்று விளிம்பில் வழியும். மேல்மண் ஏடு கட்டியிருக்கும், அவ்வளவுதான். மழைநீரை மண்ணுக்குள் இறக்கி நிலத்தடி நீரைச் செறிவூட்டும் வேலையில் நான் பார்த்த தோல்விகளில் பாதிக்கு இந்த ஏடுதான் காரணம்.

தண்ணீருக்குக் குறைவில்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். அப்படியென்றால், 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் பெய்தாலே 1,000 லிட்டர். அதை உள்ளே இறக்குவதுதான் பாடு.

நான் முதலில் பொறுப்பேற்ற கசிவுநீர்க் குட்டை, அதாவது தண்ணீரைத் தேக்கி மண்ணுக்குள் கசியவிடும் குட்டை, முதல் வருடம் ஒவ்வொரு மழைக்கும் இரண்டே நாளில் வற்றியது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வருடம் வாரக்கணக்கில் தண்ணீர் அப்படியே நின்றது. கீழே பாறை இருக்கும் என்றார்கள். இன்னும் ஆழமாகத் தோண்டலாம் என்றார்கள். குட்டை காயும்வரை பொறுத்திருந்து மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டினேன். மேலே ஒரு விரற்கடைக்குக் களிம்பு மாதிரி வண்டல். அதற்குக் கீழே, கையில் எடுத்தால் உதிர்கிற நல்ல மணல்! வண்டலை வழித்து வெளியே கொண்டுபோய்க் கொட்டினோம். வெளியே என்பதை அழுத்திச் சொல்கிறேன். உழுதுவிட்டால் அது மணலோடு கலந்து இன்னும் கீழே போய் அடைத்துக்கொள்ளும். அடுத்த மழைக்குக் குட்டை பழையபடி குடித்தது.

இது பெரிய இடங்களிலும் உள்ள பாடுதான். கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்ட்டியில் சான்டா ஆனா ஆற்று நீரைக் குட்டைகளில் நிறுத்தி மண்ணுக்குள் இறக்குகிறார்கள். அவ்வப்போது குட்டையை வடித்து, காயவைத்து, படிவைச் சுரண்டி எடுக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாம் நகருக்காக 1957 முதல் ரைன் ஆற்று நீரைக் கடலோர மணல்மேடுகளுக்குள் ஊறவிடுகிறார்கள். அங்கே வண்டலை முன்கூட்டியே நீக்கிவிட்டுத்தான் தண்ணீரை அனுப்புகிறார்கள். வண்டலை முன்னால் எடுக்கலாம், பின்னால் எடுக்கலாம், எடுக்காமல் மட்டும் இருக்க முடியாது.

நிலையத்து நண்பர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு விரலைக் காட்டுகிறார், ஒரு நிமிடம்தான். கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுக்க, அதே ஆரஞ்சு கவுன்ட்டியில் 1976இலிருந்து சுத்திகரித்த கழிவுநீரைக் கிணறுகள் வழியே நிலத்துக்குள் செலுத்திவருவதை விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரமில்லை. மழைநீரை இறக்கும் ஆழ்துளைக் கிணற்றைப் பற்றி மட்டும் ஒன்று. அதற்குள் மண்வெட்டி போகாது. அடைத்தால் சரிசெய்வது பெரும்பாடு. அதனால் தெருவில் ஓடும் தண்ணீரை அதில் நேராக விடாதீர்கள். முதல் மழையை வெளியே விடுங்கள். அப்புறம் வருவதையும் மணலில் வடிகட்டி இறக்குங்கள். வடிகட்டி மணலின் மேல்பரப்பை வருடம் ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன்பே வழித்துவிடுங்கள். வணக்கம்.