தேதி சொல்லாத வீடு

நேயர்களுக்கு வணக்கம்.

இரட்டைக் கட்டிலுக்குப் போடுகிற விரிப்பை நீங்கள் கையால் துவைத்துப் பிழிந்ததுண்டா? எங்கள் வீட்டில் வாஷிங் மெஷின் வருவதற்கு முன்பு, பொங்கலுக்கு முந்தின வாரம் இதுதான் வேலை. நனைந்த விரிப்பு என்ன கனம் கனக்கும்! ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்து, நீலத்தில் முக்கி, உதறிக் காயப்போட வேண்டும். காய்ந்த பிறகு மடிப்பதற்கும் இரண்டு பேர் வேண்டும். நானும் அக்காவும்தான் மடிப்போம். மடித்து முடிக்கிறவரை இரண்டு பேருக்கும் வாய் ஓயாது. தெருவில் நடந்த அத்தனை கதையும் அந்த விரிப்புக்குள் மடிந்து அலமாரிக்குப் போகும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், திரும்ப வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் மகளைப் பார்க்க டப்ளின் போயிருந்தேன். அவள் வேலைக்குப் போனதும் புளியோதரையை டப்பாவில் போட்டுக்கொண்டு பூங்காவுக்குப் போய்விடுவேன். ஊருக்கு நடுவில் செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் என்று பெரிய பூங்கா. ஒரு நாள் அங்கே ஒரு பெஞ்சில் சாப்பிட்டு முடித்து, கை துடைக்கும்போதுதான் அதில் பதித்திருந்த தகட்டைப் பார்த்தேன். மக்டலீன் சலவைக்கூடங்களில் வேலை செய்த பெண்களையும், அவர்களில் சிலருக்குப் பிறந்த குழந்தைகளையும் இங்கே உட்கார்ந்து நினைத்துப் பாருங்கள் என்கிற பொருளில் சில வரிகள். முப்பது வருடம் சரித்திரப் பாடம் நடத்தியவள் நான். எனக்கு அது என்னவென்றே தெரியவில்லை. அன்றைக்கு ஆரம்பித்த தேடல் இன்னும் ஓயவில்லை.

அந்தப் பெஞ்சைத் திறந்துவைத்தவர் அப்போதைய ஜனாதிபதி மேரி ராபின்சன். 1996 ஏப்ரல் மாதம். அயர்லாந்தின் கடைசி மக்டலீன் சலவைக்கூடம் மூடப்பட்டதும் அதே 1996-தான், ஆனால் அக்டோபரில். கவனியுங்கள்: நினைவுச் சின்னம் முதலில், மூடியது பிறகு. பூங்காவில் பெஞ்சைத் திறந்துவைத்த அன்று, ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஷான் மெக்டெர்மட் தெருவில் இருந்த அந்தக் கடைசிக் கூடத்தில் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது.

சரி, பெண்களை உள்ளேயே தங்கவைத்துச் சலவை செய்யவைத்த இந்த வீடுகள் எதற்காக வந்தன? 'கெட்டுப்போன' பெண்களைத் திருத்துவதற்காக. இந்தச் சொல்லையே பாருங்கள். நம்மிடம் பால் கெட்டுப்போகும், சாம்பார் கெட்டுப்போகும், பெண்ணும் கெட்டுப்போவாள். ஆண்பிள்ளை கெட்டுப்போனான் என்றால் குடியா, சீட்டாட்டமா என்று கேட்போம். பெண் கெட்டுப்போனாள் என்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் 'விழுந்த பெண்' என்பார்கள். தள்ளிவிட்டது யார் என்று அந்த மொழியிலும் கேட்பதில்லை.

மக்டலீன் என்ற பெயர் பைபிளில் வரும் மகதலா மரியாளிடமிருந்து வந்தது. இங்கே நான் ஒரு நிமிடம் நின்றுதான் போவேன். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. மகதலா என்பது கலிலேயாக் கடலோரம் இருந்த மீனவர் ஊர். அந்த ஊர் மரியாளிடமிருந்து ஏழு பேய்கள் நீங்கின என்று லூக்கா எழுதுகிறார். சிலுவை அருகில் அவர் நின்றதும் உண்டு, கல்லறைக்கு முதலில் போனதும் உண்டு. விலைமாது என்று எங்கேயும் இல்லை, ஒரு வரிகூட இல்லை. 591-ஆம் ஆண்டு வாக்கில் போப் முதலாம் கிரகோரி தம் பிரசங்கத்தில், கண்ணீரால் இயேசுவின் பாதத்தைக் கழுவிய பெயர் தெரியாத பாவிப் பெண்ணையும் இந்த மரியாளையும் ஒருவராக்கிவிட்டார். அவ்வளவுதான், ஆயிரத்து முன்னூறு வருடத்துக்கு மேல் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கத்தோலிக்கத் திருச்சபை தன் நாட்காட்டியில் இருவரையும் பிரித்தது 1969-இல். அதாவது, செய்யாத குற்றத்துக்குப் பெயர் வாங்கிய ஒரு பெண்ணின் பெயரைத்தான் இந்த வீடுகளுக்கு வைத்தார்கள்.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் இது முதலில் லண்டனில் ஆரம்பித்தது. 1758. ஆரம்பித்தவர்களில் ஒருவர் ஜோனாஸ் ஹான்வே. லண்டன் தெருவில் குடை பிடித்து நடந்த முதல் ஆண்பிள்ளை என்று கேலிக்கு ஆளானவர். மழைக்கு ஒதுங்க இடம் வேண்டும் என்று நினைத்த மனிதர், அதில் சந்தேகமில்லை.

டப்ளினில் ஆரம்பித்தவர் அரபெல்லா டென்னி என்ற சீமாட்டி. 1767-இல், லீசன் தெருவில். நான் புளியோதரை சாப்பிட்ட பெஞ்சிலிருந்து சில நிமிட நடைதான். இந்த அம்மாள்மேல் எனக்குக் கோபமே வராது. டப்ளினில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான விடுதி ஒன்று இருந்தது. அங்கே குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. தாய்ப்பால் இல்லாமல் கரண்டியில் ஊட்டுகிற குழந்தைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். பாலாடையில் புகட்டி வளர்த்தவர்களுக்கு இது தெரியும். வேலைக்கு இருந்தவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. இவர் என்ன செய்தார் தெரியுமா? 1760-இல் அந்த விடுதிக்கு ஒரு கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடிக்கும். அடித்ததும், விழித்திருக்கிற குழந்தைகளுக்கெல்லாம் ஊட்ட வேண்டும். கடிகாரத்திலேயே அப்படி எழுதியும் வைத்தார். விழித்திருக்கிற குழந்தைகளுக்கு மட்டும், பாருங்கள்! தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்பதுவரை யோசித்திருக்கிறார்.

அப்படிப்பட்டவர் கட்டிய வீடு. புராட்டஸ்டன்ட் இளம்பெண்களைச் சேர்த்தார்கள். ஒன்றரை வருடம், இரண்டு வருடம் இருக்கலாம். பிறகு ஒரு வேலை தேடிக் கொடுத்து அனுப்புவது ஏற்பாடு. கண்டிப்பு உண்டு, ஜெபம் உண்டு, ஆனால் முடிவும் உண்டு. அந்த முடிவுதான் பின்னால் காணாமல் போனது. நான் இன்றைக்குச் சொல்ல வந்ததே இது ஒன்றுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் நிறைய வீடுகளை எடுத்து நடத்தினார்கள். 1922-இல் அயர்லாந்து தனி நாடான பிறகு, நான்கு சபைகள் நடத்திய பத்து சலவைக்கூடங்கள் இருந்தன. யார் உள்ளே போனார்கள்? கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றவர்கள் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். அநாதை விடுதியில் வளர்ந்து, வயது வந்ததும் அப்படியே இங்கே மாற்றப்பட்டவர்கள் இருந்தார்கள். தாய் இறந்துபோய், தகப்பன் மறுமணம் செய்ததும் வேண்டாதவர்களாகிப்போன பெண்கள் இருந்தார்கள். கொஞ்சம் மந்தபுத்தி உள்ளவர்கள், வீட்டிலேயே பலாத்காரத்துக்கு ஆளானவர்கள், சில்லறைத் திருட்டுக்கு நீதிமன்றம் அனுப்பியவர்கள் என்று பல பேர். பாதிரியார் கொண்டுவந்து விட்டதும் உண்டு, பெற்ற தகப்பனே விட்டதும் உண்டு. ஆக, திருத்துவதற்கென்று வந்த பலரிடம் திருத்த எதுவுமே இல்லை.

உள்ளே நுழைந்ததும் பலருக்குச் சொந்தப் பெயர் போய்விடும், வேறு பெயர் வைப்பார்கள். முடியை வெட்டிவிடுவார்கள். பிறகு சலவை. ஹோட்டல், ஆஸ்பத்திரி, ராணுவம், அரசு அலுவலகம் என்று எல்லா இடத்துத் துணியும் வரும். கொதிநீர், சோடா, நீராவியில் சூடேறிய பெரிய உருளைகள். சம்பளம் கிடையாது. அழுக்கைக் கழுவினால் பாவமும் கழுவப்படும் என்பது சொல்லுக்கு. கணக்குப் புத்தகத்தில் அது வியாபாரம். முக்கியமாக, வேலை நேரத்தில் பேசக் கூடாது. ஜெபம் சொல்லலாம், பேச்சு கிடையாது. எனக்கு எங்கள் வீட்டு விரிப்பு ஞாபகம் வந்தது அங்கேதான். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு, கிட்டே வந்து, விலகி, மறுபடி கிட்டே வந்து மடித்துக்கொண்டே இருக்கிறார்கள், வருடக்கணக்கில். எதிரே நிற்பவளின் உண்மைப் பெயர் இவளுக்குத் தெரியாது.

தப்பி ஓடினால் போலீஸ் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டது. எந்தச் சட்டப்படி என்று கேட்காதீர்கள். சிறைக்குப் போகிற கைதிக்கு ஒரு தேதி உண்டு. இத்தனை மாதம், இன்ன நாளில் விடுதலை என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். இங்கே தேதி கிடையாது. ஏன் வந்தோம் என்பதும் தெரியாது, எப்போது போவோம் என்பதும் தெரியாது. எத்தனை காலம் இருந்தார்கள் என்று பதிவு உள்ளவர்களில் பாதிப் பேர் ஏழு மாதத்துக்குள் வெளியே வந்துவிட்டார்கள் என்று பின்னாளில் அரசு அறிக்கை சொன்னது. இருக்கட்டும். ஏழு மாதம்தான் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் அது ஏழு மாதம். சொல்லாதபோது பதினாறு வயதுப் பெண்ணுக்கு அது ஆயுள்தானே? சிலருக்கு நிஜமாகவே ஆயுளாகவும் போனது. மணிமேகலையில் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய காதை படித்திருப்பீர்கள். டப்ளினில் அந்தக் காதை பின்னாலிருந்து நடந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐந்து விரல் காட்டுகிறார்கள். சரி, சீக்கிரம் வருகிறேன்.

இது வெளியே வந்தது ஒரு நில விற்பனையால். 1993-இல், டப்ளினில் ஹை பார்க் என்ற மடத்தார் தங்கள் நிலத்தில் ஒரு பகுதியைக் கட்டட நிறுவனத்துக்கு விற்றார்கள். அங்கே சலவைப் பெண்களின் கல்லறைகள் இருந்தன. 133 உடல்களைத் தோண்டி எடுக்க அனுமதி வாங்கினார்கள். தோண்டினால் 155 உடல்கள். இருபத்திரண்டு பெண்கள் கணக்கிலேயே இல்லை. பல பேருக்கு இறப்புச் சான்றிதழ் கிடையாது. சிலருக்குப் பதிவில் இருந்தது மடத்தில் வைத்த பெயர் மட்டும்தான். இவ்வளவு ஆன பிறகும், பெரும்பாலான உடல்களை எரித்து கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்தில் ஒன்றாகப் புதைத்துவிட்டார்கள். மூன்று வருடம் கழித்துத்தான் அந்தப் பெஞ்சு வந்தது.

2013 பிப்ரவரியில் அரசு அறிக்கை வெளியானது. 1922-க்குப் பிறகு சுமார் 10,000 பெண்கள் உள்ளே போயிருக்கிறார்கள். நான்கில் ஒருவரை அனுப்பியது அரசாங்கமே. ஆகச் சிறியவளுக்கு வயது 9, மூத்தவருக்கு 89. அதே மாதம் 19-ஆம் தேதி பிரதமர் எண்டா கென்னி நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார், குரல் உடைந்தது. ஆளுக்கு ஒரு லட்சம் யூரோ வரை இழப்பீடு என்று திட்டம் போட்டார்கள். நான்கு சபைகளும் அதில் பணம் போட மறுத்துவிட்டன. ஷான் மெக்டெர்மட் தெருக் கட்டடத்தை ஹோட்டலுக்கு விற்கப் பார்த்தார்கள். 2018-இல் மாநகராட்சி உறுப்பினர்கள் தடுத்துவிட்டார்கள். அங்கே நினைவு மையம் வர வேண்டும் என்று 2022-இல் முடிவானது.

இப்போது இரண்டு விரல். நம் சென்னையின் அவ்வை இல்லத்தைப் பற்றிப் பேச இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். ஒரு வரியில் சொல்கிறேன்: 1930 வாக்கில் தேவதாசிக் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களுக்காக அவர் முதலில் தேடியது படிக்கிற பிள்ளைகளுக்கான விடுதி. விடுதிகள் இடம் தரவில்லை. தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார், படிக்க அனுப்பினார். அவ்வை இல்லம் அப்படித்தான் பிறந்தது. மீதியை இன்னொரு நாள் கூப்பிட்டால் வந்து சொல்கிறேன், சிவப்பு விளக்கு கண் சிமிட்டுகிறது. வணக்கம்.